திங்கள் லீவா? டிக்கெட் போடு!

எங்கள் ப்ராஜெக்ட்டில் டப்ளின் நகரத்து டீம் ஒன்று உண்டு. சில வாரங்களில் வெள்ளிக்கிழமை மாலை மெயில் அனுப்பினால் செவ்வாய்க்கிழமைதான் பதில் வரும். ‘எங்கே போனீர்கள்?’ என்று கேட்டால் பார்சிலோனா, ப்ராக் என்று கூலாகச் சொல்வார்கள். மூன்றே நாளில் வேறொரு நாட்டுக்குப் போய்த் திரும்பியிருப்பார்கள்!

அயர்லாந்தில் ஆண்டுக்கு 10 பொது விடுமுறைகள். இவற்றில் பல, திங்கட்கிழமையில் வரும்படியே அமைக்கப்பட்டவை. 2023-ல் புதிதாகச் சேர்த்த புனித பிரிஜித் தின விடுமுறையும் பெரும்பாலும் பிப்ரவரி முதல் திங்கள்தான். வெள்ளி ஒரு நாள் லீவு போட்டால் நான்கு நாள் கையில். உள்ளூரிலேயே சுற்றுபவர்கள் கில்லார்னி, கால்வே பக்கம் போவார்கள். ‘இரண்டு இரவு தங்கல், காலை உணவு, ஒரு வேளை இரவுச் சாப்பாடு’ என்பது அங்கே ஓட்டல்களின் வழக்கமான பேக்கேஜ். மற்றவர்களுக்கு வெயில் வேண்டும். மழை நாடு அல்லவா! ஸ்பெயின் கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

இது முன்பு இவ்வளவு எளிதாக இல்லை. அயர்லாந்து ஒரு தீவு. வெளியே போக கப்பல் அல்லது விமானம். 1980-களின் நடுவில் டப்ளினிலிருந்து லண்டன் போய்வர விமானக் கட்டணம் 200 பவுண்டைத் தாண்டியது. 1985-ல் தொடங்கிய ரையன்ஏர் நிறுவனம் அடுத்த ஆண்டே அதை 100 பவுண்டுக்குள் கொண்டுவந்தது. 2000-ல் தன் வெப்சைட்டில் டிக்கெட் விற்க ஆரம்பித்தது. டிராவல் ஏஜென்ட் கடைக்குப் போன மக்கள் மவுஸைப் பிடித்தார்கள்.

இப்போது பலர் ஊரை முடிவு செய்துவிட்டு டிக்கெட் தேடுவதில்லை. மலிவான டிக்கெட் எந்த ஊருக்கு இருக்கிறது என்று தேடுகிறார்கள். ஸ்கைஸ்கேனர் தளத்தில் போகும் ஊருக்குப் பதில் ‘எங்கு வேண்டுமானாலும்’ என்று கொடுக்கும் வசதியே இருக்கிறது.

சரி, விலை குறைவு என்று கிளிக் செய்தாயிற்று. அதற்குப் பிறகுதான் விளையாட்டு. பெட்டிக்குத் தனிக் காசு, சீட்டுக்குத் தனிக் காசு, இன்சூரன்ஸுக்குத் தனிக் காசு. ரையன்ஏர் தளத்தில் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் வேண்டாம் என்றால் என்ன செய்யவேண்டும் தெரியுமா? நீங்கள் வசிக்கும் நாட்டைத் தேர்வு செய்யும்படி கேட்கும் டிராப் டவுன் பட்டியலைத் திறக்க வேண்டும். அகர வரிசையில் நாடுகளின் பெயர்கள் ஓடும். அவற்றுக்கு நடுவே, ஏதோ அதுவும் ஒரு நாடு போல, ‘இன்சூரன்ஸ் வேண்டாம்’ என்ற வரி உட்கார்ந்திருக்கும்! ஒரு செக் பாக்ஸ் வைப்பது எங்களைப் போன்றவர்களுக்குச் சில நிமிட வேலை. தெரியாமல் செய்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. இந்த இன்சூரன்ஸ் விஷயத்தில் 2014-ல் இத்தாலி அபராதம் விதித்தது.

ஐரோப்பிய யூனியன் சட்டங்களும் வந்தன. 2008 நவம்பர் முதல், வரிகள் உட்பட முழு விமானக் கட்டணத்தையும் காட்டவேண்டும். 2014 ஜூன் முதல், கூடுதல் கட்டண வசதிகளுக்கு முன்கூட்டியே டிக் அடித்து வைக்கக் கூடாது என்பது பெரும்பாலான ஆன்லைன் விற்பனைக்குப் பொதுவானது.

டப்ளின் நண்பர்கள் பையை வீட்டிலேயே எடை போடுகிறார்கள். செக்-இன் செய்வதும் வீட்டில்தான். விமான நிலையத்தில் செய்தால் கட்டணம் உண்டு. அது டிக்கெட் விலையையே மிஞ்சுவதும் உண்டு. போர்டிங் பாஸ் எடுப்பதற்காகவே பிரிண்டர் வைத்திருந்தவர்கள் பலர். 2025 நவம்பரில் ரையன்ஏர் அந்தக் காகிதத்தையும் நிறுத்தி மொபைலுக்கு மாற்றிவிட்டது.

நீங்களும் ஏதாவது ஒரு விமான நிறுவனத்தின் தளத்தில் பழகிப் பார்க்கலாம். கார்டு எண் கேட்கும் பக்கம்வரை போங்கள். எண்ணைக் கொடுக்காதவரை பணம் போகாது. முதல் பக்கத்தில் காட்டிய விலை, கடைசிப் பக்கத்தில் காட்டும் விலை இரண்டையும் நோட்பேடில் டைப் செய்யுங்கள். வித்தியாசம் இருந்தால் ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் போய், எந்த டிக் அதைக் கூட்டியது என்று கண்டுபிடியுங்கள்.