ராஜபாளையத்து வெள்ளை நாய்

நூல் மில், பேண்டேஜ் துணி, மாம்பழம் என்று எங்கள் ராஜபாளையத்துக்குப் பெருமைகள் பல. ஆனாலும் வெளியூரில் ஊர்ப்பெயரைச் சொன்னால் முதலில் விசாரிப்பது நாயைத்தான்.

விஜயநகர ஆட்சிக் காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள், வேட்டைக்கும் காவலுக்கும் இந்த நாயைப் பேணி வளர்த்தார்கள். வேட்டை ஒழிந்துவிட்டது, மலையடிவாரத்துத் தோப்புகளில் காவல் மட்டும் தொடர்கிறது. பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். வீட்டாரிடம் அத்தனை பாசம். அந்நியர் கை மேலே பட்டால் பிடிக்காது. 2005-இல் அஞ்சல் துறை இதற்குத் தபால்தலை வெளியிட்டபோது தெருவே கொண்டாடியது.

என் பெரியப்பா குட்டி வாங்கப் போனால் அழகைப் பார்க்கமாட்டார். குட்டி அசந்திருக்கும்போது பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவார். தலை திரும்பினால்தான் விலை பேசுவார். காரணம் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்காதுக்கும் தேவை. அவை இல்லாமல் போவதால் வெள்ளைக் குட்டிகளில் சில காது கேளாமலே பிறக்கின்றன. சுத்த வெள்ளை வேண்டும் என்று நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே இணை சேர்த்தால் இந்தக் குறை மேலும் கூடும். காசுக்காக அப்படிச் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

குட்டி வாங்க வருகிறவர்கள் தாய், தகப்பன் நாய்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தினமும் ஓடவிட இடம் இல்லாத வீட்டுக்குத் தயவுசெய்து இதைக் கொண்டுபோகாதீர்கள்.