கடல் வைக்கும் நேரமும் தலைவலியும்

எத்தனை மணிக்கு என்பதல்ல

தலைவலி வராமலிருக்க இரவு பத்து மணிக்குப் படுத்துக் காலை ஆறு மணிக்கு எழுந்திருங்கள் என்று சொல்லாத உடல்நலக் கட்டுரை குறைவு. பெசன்ட் நகர் கடற்கரையின் வடக்கே, அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் ஒல்காட் குப்பத்தில் அந்த அறிவுரை எடுபடாது. விடியுமுன்பே பைபர் படகு அலை தாண்டியாக வேண்டும். மீன் கரையேறிய பிறகுதான் விற்கும் பெண்களின் வேலை தொடங்கும். வெயில் உச்சிக்கு வந்தாலும் அது முடிந்திருக்காது. ஆனால் அறிவுரையின் உள்ளே இருக்கும் மருத்துவ உண்மை இவர்களுக்கும் பொருந்தும். ஒற்றைத் தலைவலிக்கு ஆட்படும் மூளை மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளாது. தூக்கம் குறைந்தாலும் வலிக்கும். ஒருநாள் வழக்கத்தைவிட அதிகம் தூங்கினாலும் வலிக்கும். ஆகவே பார்க்க வேண்டியது கடிகாரம் காட்டும் மணியை அல்ல, தினமும் அதே மணிதானா என்பதை. அதிகாலை மூன்றுக்கு எழுபவர் எட்டு மணிக்கே படுக்கலாம். கடற்கரைக் கூட்டத்தின் இரைச்சலில் எட்டு மணிக்கு யார் தூங்குவது என்று கேட்டால், நியாயமான கேள்விதான். இரவில் ஒரு பாதி, மதியம் ஒரு பாதி என்று பிரித்துத் தூங்கினாலும், அந்த இரண்டும் நாள்தோறும் ஒரே நேரத்தில் அமைவது நல்லது. கடலுக்குப் போகாத நாளில் வெயில் ஏறும்வரை படுத்திருந்து தூக்கக் கடனைத் தீர்க்கப் பார்ப்பதுதான் வம்பு.

இது சிலருக்கு மட்டும் உள்ள தொல்லையும் அல்ல. கர்நாடகத்தில் வீடு வீடாக நடத்தி 2015-இல் வெளியான ஆய்வில், நான்கில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி வந்திருந்தது. பெண்களுக்கே அதிகம்.

வெறும் வயிறு, வறண்ட தொண்டை

காலையில் ஒரு டீ, கடல் விட்டு வந்து இன்னொரு டீ, சோறு மதியத்துக்கு மேல்தான் என்பது உழைப்பவர் பலரின் நடைமுறை. நெடுநேரம் வயிறு காய்ந்தாலே தலைவலி வரும் என்பது நோன்பு காலங்களில் நடந்த ஆய்வுகளில் தெரிந்த செய்தி. படகில் ஏறுமுன் பழைய சோறும் உப்புப் போட்ட நீராகாரமும் குடித்த பழக்கத்தில் சோறு, தண்ணீர், உப்பு மூன்றும் ஒன்றாகவே கிடைத்தன. அதை டீயும் பன்னும் இடம்பெயர்த்தது நல்ல மாற்றமல்ல. அடுத்தது வெயில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். பைபர் படகுகள் கத்திரி வெயிலிலும் ஓடுகின்றன. தொப்பியும் தலைத்துண்டும் அப்போது அலங்காரமல்ல.

தண்ணீர் குடித்தால் தலைவலியே வராது என்று சொல்வதும் மிகைதான். நெதர்லாந்தில் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொல்லிச் சோதித்தார்கள். 2012-இல் வந்த முடிவின்படி தலைவலி நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை; ஆனால் அன்றாட வாழ்க்கை முன்பைவிட நன்றாக இருப்பதாகக் குடித்தவர்களில் பலர் சொன்னார்கள். வெயிலில் வியர்ப்பவருக்குத் தண்ணீர் வேறு காரணங்களுக்காகவும் தேவை என்பதால், குடிப்பதில் நட்டமில்லை. சாலையோரம் மீன் விற்கும் பெண்ணிடம் இதைச் சொன்னால், எங்கே போய் ஒதுங்குவது என்பார். அதற்குப் பதில் கழிப்பறையும் நிழலும்தான். அது மாநகராட்சி செய்ய வேண்டிய வேலை, அவருடைய பழக்கத்தின் குற்றமல்ல.

"தலையில் நீர் கோத்துக்கிச்சு"

அடிக்கடி கேட்கும் காரணம் இது. ஆவி பிடிப்பார்கள், தைலம் தேய்ப்பார்கள். இதமாக இருந்தால் செய்யட்டும். ஆனால் அமெரிக்காவில் தமக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய 2,991 பேரை 2004-இல் ஆராய்ந்தபோது, 88 விழுக்காட்டினரின் அறிகுறிகள் ஒற்றைத் தலைவலிக்கே பொருந்தின. நீர் கோத்ததாக எண்ணித் தலைக்குக் குளிப்பதை நிறுத்துகிறவர், தூக்கத்தையும் சாப்பாட்டையும் கவனிக்காமல் விடுகிறார்.

பழக்கமெல்லாம் எதற்கு, ஒரு மாத்திரை போட்டால் அரை மணியில் சரியாகிவிடுமே என்பது வலுவான ஆட்சேபம். எப்போதோ வரும் வலிக்கு அது சரியும்கூட. சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளும், கூட்டு மாத்திரையை 10 நாளும் என்று மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், மாத்திரையே தலைவலியைத் தரத் தொடங்கலாம். பெட்டிக்கடையில் கிடைப்பவற்றில் பாராசிட்டமாலோடு காஃபீனும் சேர்ந்தவை உண்டு. டீயிலும் காஃபீன் இருப்பதால், நாளெல்லாம் டீ குடிப்பவர் அதைச் சட்டென்று நிறுத்தினாலும் ஒரு நாளுக்குள் தலை வலிக்கலாம். ஒவ்வொரு குவளையாகக் குறைப்பதே வழி. மாத்திரை போட்ட நாளை நாட்காட்டியில் சுழித்து வைத்தால் கணக்கு கண்ணில் படும்.

வலை இழுப்பவருக்கு உடற்பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குனிந்தே மீன் நறுக்குபவரும் தலையில் கூடை சுமப்பவரும் இடையிடையே நிமிர்ந்து, கழுத்தையும் தோளையும் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

பழக்கம் போதாத இடம்

இரத்த அழுத்தம் ஏறினால் தலைவலி காட்டிக்கொடுக்கும் என்று காத்திருக்கக் கூடாது. பெரும்பாலும் அது காட்டாது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அழுத்தத்தைப் பார்க்கிறார்கள், பார்த்துக்கொள்ளலாம். இடி விழுந்ததுபோல் நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு கை கால் தளர்வது, பேச்சுக் குழறுவது, அடிபட்ட பின் கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவற்றுக்குத் தைலமும் தூக்கமும் மருந்தல்ல. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் தலைவலி தொடங்கினால், அந்த வாரமே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.