பச்சை மனிதன் தரும் செக்கன்கள்

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் கிளினிக் நாளில் வீதியைக் கடப்பவர்களைப் பாருங்கள். ஒரு கையில் கொப்பியும் மருந்துப் பையும், மறு கையில் ஊன்றுகோலுமாக ஓர் ஆச்சி. அவர் கடந்து முடிக்கச் சமிக்ஞை விளக்கு எத்தனை செக்கன் கொடுக்க வேண்டும்?

அது வெறும் வகுத்தல் கணக்கு. வீதியின் அகலத்தை நடை வேகத்தால் வகுக்க வேண்டும். பொறியியலாளர்கள் நெடுங்காலம் எடுத்துக்கொண்ட வேகம் செக்கனுக்கு 1.2 மீற்றர். 12 மீற்றர் வீதிக்கு 10 செக்கன் வரும். ஆச்சியோ செக்கனுக்கு 0.8 மீற்றர்தான் நடப்பார். 10 செக்கன் முடியும்போது அவருக்கு இன்னும் 4 மீற்றர் மிச்சம். ஒரு வாகனம் தாராளமாகப் போகும் அகலம் அது! சிங்கப்பூரில் 2009 முதல் முதியவர்கள் தங்கள் அட்டையைக் கம்பத்தில் காட்டினால் பச்சை சில செக்கன்கள் நீளும். இங்கே அட்டைகூட வேண்டாம். ஆஸ்பத்திரி, கோயில், பள்ளிக்கூடம் உள்ள இடங்களில் மெதுவாக நடப்பவரை வைத்தே கணக்குப் போட வேண்டும். 1868இல் லண்டன் நாடாளுமன்றத்தின் முன் நட்ட முதல் சமிக்ஞை விளக்கின் நோக்கமே நடந்து கடப்பவர்களைக் காப்பதுதான்.

பச்சை மனிதன் மினுங்கத் தொடங்கினால் பலர் ஓடிப்போய் இறங்குகிறார்கள். ஏற்கெனவே இறங்கியவர் கடந்து முடிக்கத்தான் அந்த மினுக்கம். கரையில் நிற்பவர் அங்கேயே நிற்க வேண்டும். சிவப்பு அரை நிமிடத்துக்கு மேல் நீண்டால் பொறுமை குறையும். ஒருவர் இறங்கினால், விளக்கைப் பாராமலே மற்றவர்களும் பின்னால் போவார்கள்.

மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் வாகனம் செக்கனுக்கு 14 மீற்றர் ஓடும். சாரதி கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு செக்கன். அதன்பின் காய்ந்த வீதியிலும் ஏறக்குறைய அதே தூரம் போய்த்தான் நிற்கும். மாரி மழையில் இன்னும் கூடும். பச்சை எரிந்தாலும் சந்தியில் திரும்பும் ஓட்டோவையும் மோட்டார் சைக்கிளையும் பார்த்தே இறங்குங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடா, பிரான்ஸ், சுவிஸிலிருந்து வரும் உறவுகளுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. அங்கே வாகனம் முதலில் இடப்பக்கமிருந்து வரும், இங்கே வலப்பக்கமிருந்து. பழக்கத்தில் கழுத்து இடப்பக்கம் திரும்பும்போதே கால் வீதியில் இறங்கிவிடும். அவர்களோடு போகிறவர்கள், முக்கியமாக அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு, “முதல் வலப்பக்கம் பார்” என்று ஒவ்வொரு முறையும் சொல்லியே கடக்க வேண்டும்.