மூச்சில் பழவாசம்: நீரிழிவு பற்றிச் சுவாசம் சொல்வதும் சொல்லாததும்

2007ஆம் ஆண்டின் தொடக்கம். வாகரையிலிருந்து இடம்பெயர்ந்து மட்டக்களப்பில் கூடாரங்களில் இருந்தோம். பக்கத்துக் கூடாரத்து மாமா ஒருநாள் காலை எழும்ப முடியாமல் உளறிக்கொண்டு கிடந்தார். வாயில் ஒரு வாடை. "தண்ணியைப் போட்டுட்டுக் கிடக்கிறார்" என்று சொல்லிவிட்டு ஆட்கள் விலகிப் போனார்கள். மத்தியானம் வந்த மிஸ்ஸி ஒருவர் குனிந்து மணந்து பார்த்தார். "இவருக்குச் சீனி வருத்தம் இருக்கா? ஊசி கடைசியா எப்ப போட்டவர்?" என்று கேட்டார். வரும் வழியில் இன்சுலின் தொலைந்து மூன்று நாளாகியிருந்தது. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதால் மாமா பிழைத்தார்.

அந்த வாடை சாராயம் அல்ல, அசிற்றோன். இன்சுலின் இல்லாவிட்டால் இரத்தத்தில் எவ்வளவு சீனி இருந்தாலும் உடற்கலங்களால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது ஈரலில் கீற்றோன்கள் உருவாகி இரத்தத்தை அமிலமாக்கும். அவற்றில் எளிதில் ஆவியாகும் அசிற்றோன் நுரையீரல் வழியாக வெளியேறும். அழுகத் தொடங்கிய பழம்போல, நகப்பூச்சு அழிக்கும் திரவம்போல மணக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரித்தானிய இராணுவ வைத்தியர் ஜோன் ரோலோ இந்த மணத்தைக் குறித்து வைத்திருக்கிறார்.

மூக்கு செய்த இந்த வேலையைத்தான் இப்போது கருவிகளுக்குப் பழக்குகிறார்கள். வீதியில் பொலிஸார் ஊதச் சொல்லும் கருவி மதுவைத் தேடுவதுபோல, இவை அசிற்றோனைத் தேடுகின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2025இல் கிரபீனும் துத்தநாக ஒட்சைட்டும் சேர்ந்த ஓர் உணரியை வெளியிட்டனர். ஒரு பைக்குள் ஊதினால் சில நிமிடங்களில் அளவு தெரியும். பத்து இலட்சத்தில் 1.8 பங்குக்கு மேல் அசிற்றோன் இருந்தால் நீரிழிவாக இருக்கலாம் என்பது அவர்கள் வைத்த எல்லை. மூச்சின் ஈரப்பதம் கணக்கைக் குழப்பும் என்பதால் அதைத் தடுக்கவும் ஒரு படலம் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அசிற்றோன் வேறு, சீனியின் அளவு வேறு. கந்தசஷ்டி விரதமோ நோன்போ இருப்பவருக்கும், சோற்றை அடியோடு குறைத்தவருக்கும் அசிற்றோன் கூடும். மறுபக்கம், நம் ஊர்களில் அதிகமாக உள்ள இரண்டாம் வகை நீரிழிவில் சீனி நன்றாக ஏறியிருந்தும் மூச்சு சாதாரணமாகவே இருக்கலாம். இலங்கையில் 2018–19இல் நடந்த ஆய்வொன்றின்படி வயதுவந்த 100 பேரில் ஏறத்தாழ 23 பேருக்கு நீரிழிவு. "மணமில்லை, எனக்குச் சுகம்தான்" என்று அவர்கள் நம்பினால் கண்ணும் காலும் சிறுநீரகமும்தான் விலை கொடுக்கும்.

சீனி குறைந்து போனவரும் வெறிகாரர்போலத்தான் தள்ளாடுவார். அவருக்கு வியர்க்கும், நடுங்கும், பழவாசம் இராது. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் முதலாம் வகை நீரிழிவுள்ள எட்டுப் பெண்களின் மூச்சைச் சோதித்தபோது, சீனி இறங்கிய நேரத்தில் ஐசோபிறீன் என்ற வாயு கூடியதைக் கண்டார்கள். எட்டுப் பேர் மட்டுமே என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆகவே விரலில் குத்தும் குளுக்கோமீட்டரையும் கிளினிக் கொப்பியையும் மூச்சுக் கருவியை நம்பி ஒதுக்கக் கூடாது. குத்தாமலே சீனி பார்க்கும் என்று கைக்கடிகாரங்களும் மோதிரங்களும் முகநூலில் விற்கிறார்கள். அப்படித் தானாகவே அளக்கும் எதையும் தாம் அங்கீகரிக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது.

மூக்கை நம்பலாம், ஒரு திசையில் மட்டும். சிலருக்கு இந்த மணம் பிடிபடாது, எனவே மணம் இல்லை என்பது ஆறுதலல்ல. நீரிழிவுள்ளவரின் மூச்சில் பழவாசம் வீசி, தாகம், வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு என்பனவும் சேர்ந்தால் அது மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை நிறுத்துவது இதற்கு வழமையான காரணம். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். 1990க்கு அழையுங்கள். மண்டூரில் இருப்பவர் குருமண்வெளிப் பாதை ஏறிக் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போக வேண்டியிருந்தால், விடியும்வரை காத்திராமல் அப்போதே புறப்பட வேண்டும். வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டியது: இவருக்குச் சீனி வருத்தம், கடைசி ஊசி இன்ன நேரம்.