சுமத்ரா பவளத்தில் திண்டுக்கல் மழை

திண்டுக்கல் சமவெளிக்குக் கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனாலும் நிலக்கோட்டை மல்லிகையும் ஒட்டன்சத்திரத்துக் காய்கறியும் நம்பியிருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தியப் பெருங்கடலின் சூட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. சில ஆண்டுகளில் சுமத்ரா பக்கத்துக் கடல் குளிர்ந்து, ஆப்பிரிக்கப் பக்கம் சூடேறும். இந்த 'இந்தியப் பெருங்கடல் இருமுனை'யை 1999-இல் சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகாட்டா ஆகியோர் விவரித்தார்கள். அப்படிப்பட்ட ஆண்டுகளில் நம் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் வலுக்கிறது; 1997-இல் அதுதான் நடந்தது. எல் நினோவுக்கும் புயலுக்கும் இதில் பங்குண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

கருவிகளால் அளந்த கடல் வெப்பக் கணக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுதான். அதற்கு முந்தையதைப் பவளத்தின் எலும்புக்கூட்டில் தேடுகிறார்கள்.

போரைட்டஸ் என்னும் பவளம் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்து குன்றாகிறது. நீரில் மூழ்கித் துளையிட்டு அதிலிருந்து நீளமான உருளையை எடுத்து, துளையை அடைத்துவிடுவார்கள். உருளையைப் பலகையாக அறுத்து எக்ஸ்ரே எடுத்தால் அடர்ந்த பட்டையும் தளர்ந்த பட்டையும் மாறி மாறித் தெரியும். மரத்தின் வளையம்போல, ஒரு ஜோடி என்றால் ஓர் ஆண்டு. பிறகு மில்லிமீட்டர் கணக்கில் சுரண்டிப் பொடியைச் சோதிப்பார்கள். நீர் குளிர்ந்தால் சுண்ணாம்பில் ஸ்ட்ரான்சியம் கூடும். கனமான ஆக்சிஜன்-18-ம் கூடும். ஆனால் ஆக்சிஜன்-18 மழைநீரில் குறைவு என்பதால், பெருமழை பெய்தாலும் அதன் அளவு இறங்கும். இரண்டையும் சேர்த்து அளந்தால் வெப்பத்தின் பங்கு வேறு, மழையின் பங்கு வேறு என்று பிரிக்கலாம். இத்துறையில் எனக்கு மிகப் பிடித்த நுட்பம் இது.

பக்கத்தில் மன்னார் வளைகுடா இருக்க, சுமத்ராவுக்கு ஏன் போக வேண்டும்? இருமுனையின் குளிர்முனை அங்கேதான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நெரிலி ஏப்ரம் குழுவினர் அங்கே உயிருள்ள பவளங்களோடு செத்துப்போன பழைய பவளங்களையும் எடுத்து, யுரேனியம்-தோரியம் முறையில் வயது கண்டு, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். இடையிடையே விடுபட்ட ஆண்டுகள் உண்டு. கிடைத்தவற்றில் 1240-க்குப் பின் 10 கடுமையான குளிர்ச்சிகள். அவற்றில் நான்கு 1960-க்குப் பின் வந்தவை. எல்லாவற்றிலும் வலியது 1675-இல் வந்தது. 1997-ஐவிட 42 விழுக்காடு வரை பெரியது.

திண்டுக்கல் பகுதியின் குடகனாற்றில் எவ்வளவு வெள்ளம் வரலாம் என்று கணிப்பவர்கள் மழைமானிக் கணக்கோடு இந்த 1675-ஐயும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அதைவிடவும் அவசரம் மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. 1998, 2010, 2016 என அங்கே பவளங்கள் வெப்பத்தில் வெளுத்திருக்கின்றன. எஞ்சிய பெரிய போரைட்டஸ் குன்றுகள் உயிரோடிருக்கும்போதே அவற்றிலிருந்து உருளைகளை எடுத்துப் பாதுகாக்க வேண்டும்.