கிதாரைப் பாட வைக்கும் கைக்கம்பி!

வீணையில் கமகம் கேட்டிருப்பீர்கள். வாசிப்பவரின் விரல் தந்தியை இழுக்கிறது. ஸ்வரம் ஏறுகிறது, இறங்குகிறது, அசைகிறது. கேட்பவரின் தலையும் கூடவே அசைகிறது!

மேல்நாட்டு மின்சாரக் கிதாரிலும் இப்படி ஸ்வரத்தை அசைப்பது உண்டு. ஆனால் அங்கே விரலோடு இன்னொன்றும் சேர்ந்து வேலை செய்கிறது. அது ஒரு சின்ன இரும்புக் கம்பி. ஒரு சாண் நீளம்கூட இராது. கிதாரின் அடிப்பக்கத்தில் நீட்டிக்கொண்டு இருக்கும். அதை அழுத்தினால் ஸ்வரம் இறங்கும். கையை விட்டால் பழைய இடத்துக்கு வந்து நிற்கும். மேலே தூக்கினால், ஸ்வரமும் கொஞ்சம் ஏறும்.

இந்தக் கைக்கம்பிக்கு ஆங்கிலத்தில் "வாமி பார்" என்று பெயர்.

பார்த்தால் விளையாட்டுப் பொருள் போல இருக்கும். ஒரு குழந்தைகூட அதைப் பிடித்து ஆட்டிவிடலாம். ஆனால் அதைக் கொண்டு ஒரு பாட்டைப் பாட வைப்பது எளிய காரியம் அல்ல. உலகப் புகழ் பெற்ற ஒரு கலைஞர் அதற்காகத் தம்முடைய பழைய வாசிப்பு முறையையே விட்டுவிட்டார்!

ரேடியோ ரிப்பேர்க்காரர் செய்த வேலை

அமெரிக்காவில், காலிபோர்னியா மாநிலத்தில், புல்லர்டன் என்று ஓர் ஊர். அங்கே ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர் லியோ பெண்டர். 1909-ம் ஆண்டு பிறந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது! ஆனால் வாசிப்பவர்கள் சொல்லும் குறைகளைக் காது கொடுத்துக் கேட்பார். கேட்டதைக் கையால் செய்து காட்டுவார்.

கைக்கம்பி அவருக்கு முன்பே உண்டு. 1930-களிலேயே சிலர் அதைச் செய்து பார்த்தார்கள். ஆனால் அவற்றில் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. கம்பியை நான்கு தடவை ஆட்டினால் சுருதி கலைந்துவிடும். கச்சேரி நடுவே பிருடையைத் திருகிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பெண்டரின் கடையில் முதலில் செய்து பார்த்த அமைப்பும் சரிப்படவில்லை. தந்தியின் ஒலி சீக்கிரம் அடங்கிப் போயிற்று. அதைத் தள்ளிவிட்டு வேறு விதமாகச் செய்தார்கள். 1954-ம் ஆண்டு "ஸ்டிராட்டோகாஸ்டர்" என்ற கிதார் விற்பனைக்கு வந்தது. கைக்கம்பியோடு விலை 249 டாலர் 50 சென்ட்.

அது வேலை செய்யும் விதம் இதுதான். தந்திகள் ஏறி நிற்கும் இடத்துக்குக் குதிரை என்று பெயர் அல்லவா? வீணையில் குதிரை அசையாது. இந்தக் கிதாரில் அது கதவுக் கீல் போல முன்னும் பின்னும் சாயும். அதன் அடியில் கனமான எஃகுக் கட்டை ஒன்று உண்டு. கிதாரின் முதுகுப் பக்கம் குடைந்து, அங்கே சுருள் வில்கள் வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் ஆறு தந்திகள் குதிரையை ஒரு பக்கம் இழுக்கின்றன. பின்பக்கம் சுருள் வில்கள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. இரண்டுக்கும் நடுவே குதிரை தராசு முள் போல நிற்கிறது.

கைக்கம்பியை அழுத்தினால் குதிரை சாய்கிறது. தந்திகள் தளர்கின்றன. தளர்ந்த தந்தியில் ஸ்வரம் இறங்கத்தானே செய்யும்? கையை எடுத்ததும் சுருள் வில்கள் குதிரையைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடுகின்றன.

தவறிப் போன பெயர்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்வரம் ஏறி இறங்கி அசைவதற்கு மேல்நாட்டுச் சங்கீதத்தில் "விப்ராட்டோ" என்று பெயர். ஒலி பெரிதும் சிறிதுமாக மாறி நடுங்குவதற்கு "டிரெமலோ" என்று பெயர். கைக்கம்பி செய்வது முதலாவது வேலை. பெண்டர் அதற்கு வைத்த பெயரோ டிரெமலோ! பிறகு அவருடைய கம்பெனி ஒலிபெருக்கிகளில் ஒலியை நடுங்க வைக்கும் வசதி வந்தது. அதற்கு விப்ராட்டோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு பெயரும் இடம் மாறிப் போயின. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் கடைக்காரர்கள் கைக்கம்பியை டிரெமலோ என்றுதான் சொல்கிறார்கள்.

கொஞ்சல் முதல் குண்டு வரை

இங்கிலாந்தில் இந்தக் கம்பியின் இனிமையைக் காட்டியவர் ஹாங்க் மார்வின். 1959-ம் ஆண்டு பாடகர் கிளிப் ரிச்சர்டு அவருக்காக அமெரிக்காவில் இருந்து ஒரு ஸ்டிராட்டோகாஸ்டரை வரவழைத்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டு "அப்பாச்சி" என்ற இசைத்தட்டு வெளிவந்தது. அதில் பாட்டு இல்லை, வெறும் வாத்தியம்தான். ஆனாலும் இங்கிலாந்தில் முதல் இடத்தைப் பிடித்தது. ஒவ்வொரு ஸ்வரத்தின் முடிவிலும் மார்வின் கம்பியை மெல்லத் தொட்டு ஒரு சின்ன அசைவு கொடுப்பார். அந்த அசைவைக் கேட்டு எத்தனையோ இளைஞர்கள் கிதாரைக் கையில் எடுத்தார்கள்.

அதே கம்பி வேறு ஒருவர் கையில் வேறு விதமாகப் பேசியது. 1969 ஆகஸ்டு 18. அமெரிக்காவில் உட்ஸ்டாக் திருவிழாவின் கடைசி நாள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஜிமி ஹெண்டிரிக்ஸ் தம் நாட்டுத் தேசிய கீதத்தைக் கிதாரில் வாசித்தார். நடுவே கம்பியை அடி வரை அழுத்தினார். குண்டு விழுவது போன்ற ஓசை எழுந்தது! வாயால் ஒரு சொல்லும் சொல்லாமல் போரைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

மார்வின் கம்பியால் அலங்காரம் செய்தார். ஹெண்டிரிக்ஸ் அதை இடி முழங்க வைத்தார். ஒரு முழுப் பாட்டையும் கம்பியாலேயே பாட வைக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஜெப் பெக்.

சுருட்டுப் பெட்டியில் தொடங்கியவர்

ஜெப் பெக் 1944 ஜூன் 24-ந் தேதி இங்கிலாந்தில் வாலிங்டன் என்ற ஊரில் பிறந்தார். சிறு பையனாக மாதா கோவிலில் சேர்ந்து பாடுவார். ரேடியோவில் மின்சாரக் கிதாரைக் கேட்டதில் இருந்து அவருக்கு அதே நினைவு. வாங்கப் பணம் இல்லை. சுருட்டுப் பெட்டிகளை ஒட்டிக் கிதாரின் உடலைச் செய்தார். வேலிக் கட்டையைக் கழுத்தாக வைத்தார். விளையாட்டு விமானத்தின் கம்பிகளைத் தந்திகளாகக் கட்டினார். மெட்டுகளை வர்ணத்தால் வரைந்துகொண்டார்!

1965-ம் ஆண்டு "யார்டுபேர்ட்ஸ்" குழுவில் சேர்ந்தார். பேர் கிடைத்தது. 1975-ம் ஆண்டு அவர் வெளியிட்ட "புளோ பை புளோ" என்ற இசைத்தட்டு அமெரிக்காவில் நான்காவது இடம் வரை போயிற்று.

இவ்வளவு புகழ் வந்த பிறகு மற்றவர்கள் என்ன செய்வார்கள்? வாசித்ததையே வாசித்துக் காலத்தை ஓட்டுவார்கள். பெக் அப்படிச் செய்யவில்லை. கிதார் வாசிப்பவர்கள் தந்தியை மீட்ட ஒரு சின்னப் பிளாஸ்டிக் வில்லையைப் பயன்படுத்துவார்கள். வேகமாக வாசிக்க அது உதவும். 1980-களில் பெக் அதை விட்டுவிட்டார். நாற்பது வயதை ஒட்டிய பருவத்தில், வெறும் விரலால் மீட்டத் தொடங்கினார்.

விரலால் மீட்டியதும் கைக்கு வேறு வேலைகள் செய்ய இடம் கிடைத்தது. பெருவிரல் தந்தியை மீட்டும். கைக்கம்பி உள்ளங்கைப் பக்கம் தங்கி நிற்கும். சுண்டுவிரல் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்பும். மீட்டும்போது ஒலியை அடக்கி, பிறகு மெல்லக் கூட்டுவார். மீட்டும் ஓசை கேட்காது. ஸ்வரம் மட்டும், தொண்டையில் இருந்து வருவது போலக் கிளம்பி வரும்.

மெட்டு இல்லாத ஸ்வரங்கள்

1989-ம் ஆண்டு "வேர் வேர் யூ" என்ற பாட்டை வெளியிட்டார். பல்கேரியா நாட்டுப் பெண்கள் கூடிப் பாடும் பாட்டுகளில் அவர் மனத்தைப் பறிகொடுத்திருந்தார். அந்தக் குரல்களைக் கிதாரில் கொண்டுவர விரும்பினார்.

தந்தியின் நடுவே விரலை வைத்து அழுத்தாமல், லேசாகத் தொட்டு மீட்டினால், புல்லாங்குழல் போல ஒரு மெல்லிய ஒலி வரும். அந்த ஒலியை எழுப்பினார். பிறகு இடது கையால் அல்ல, கைக்கம்பியை அழுத்தியும் தூக்கியும் அடுத்த ஸ்வரம், அதற்கு அடுத்த ஸ்வரம் என்று கொண்டுபோனார்.

இதில் எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். மெட்டு இருந்தால் விரலை வைத்த இடத்தில் ஸ்வரம் நிற்கும். இங்கே மெட்டு இல்லை. கம்பியை ஒரு நூல் அதிகமாக அழுத்தினால் அபஸ்வரம்! கண்ணுக்கு அடையாளம் எதுவும் கிடையாது. காது ஒன்றுதான் துணை. ஆயிரம் பேர் முன்னால், ஒவ்வொரு ஸ்வரத்திலும் இந்தச் சோதனை!

2001-ம் ஆண்டு அவர் வெளியிட்ட "நாடியா" என்ற பாட்டு நமக்குப் பக்கத்தில் வருகிறது. அதை அமைத்தவர் இங்கிலாந்தில் வாழும் இந்திய வம்சாவளிக் கலைஞர் நிதின் சாஹ்னி. 1999-ம் ஆண்டு அவர் வெளியிட்டபோது அது ஒரு பெண் பாடிய பாட்டு. வட இந்திய முறையில் குழைத்துப் பாடியது. அந்தக் குழைவை எல்லாம் பெக் கிதாரில் வாசித்தார். வார்த்தை இல்லை; பாட்டு இருக்கிறது!

எப்படிக் கற்பது?

வீட்டில் பிள்ளையோ பெண்ணோ கிதார் கற்றுக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு இந்த வழிமுறை உதவும்.

முதலில் சுருதி நிற்க வேண்டும். புதுத் தந்தி நீண்டுகொண்டே இருக்கும். அதைக் கையால் மெல்ல இழுத்து விட்டு, திரும்பத் திரும்பச் சுருதி சேர்க்க வேண்டும். கிதாரின் மேல் நுனியில் தந்திகள் படியும் சின்னப் பள்ளங்கள் உண்டு. தந்தி அங்கே சிக்கிக்கொண்டால் சுருதி திரும்பாது. பென்சிலின் கரித்தூளைப் பள்ளத்தில் தடவினால் தந்தி வழுக்கிப் போகும்.

அடுத்தது பிடிக்கும் முறை. கம்பியைக் குடைப்பிடி போல இறுக்கிப் பிடிக்கக் கூடாது. விரல்களுக்கு நடுவே தளர்ச்சியாக இருக்க வேண்டும். உள்ளங்கையைக் குதிரைமேல் ஊன்றவும் கூடாது. ஊன்றினால் தந்திகள் இறுகி ஸ்வரம் ஏறிவிடும்.

பிறகு அசைவு. ஒரு ஸ்வரத்தை மீட்டுங்கள். தாளத்துக்கு ஒரு தடவை கம்பியை அழுத்தி விடுங்கள். அது சீராக வந்தால் இரண்டு தடவை. பிறகு நான்கு தடவை. அசைவு சின்னதாக இருக்கட்டும்.

அடுத்த பாடம், ஏறி வருவது. முதலில் கம்பியைக் கொஞ்சம் அழுத்திக்கொள்ளுங்கள். அப்படியே மீட்டி, மெல்லக் கையை விடுங்கள். ஸ்வரம் கீழே இருந்து ஏறி வந்து நிற்கும். பாடகர்கள் ஸ்வரத்தைப் பிடிப்பதும் இப்படித்தான்.

கடைசிப் பாடம்தான் கடினம். ஒரு மெட்டில் ஸ்வரத்தை மீட்டுங்கள். அதற்கு ஒரு மெட்டுக் கீழே உள்ள ஸ்வரத்தையும் மீட்டிக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப முதல் மெட்டுக்கு வந்து, கம்பியை அழுத்தி அந்தக் கீழ் ஸ்வரத்தைக் கொண்டுவாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். சுருதி பார்க்கும் கருவி இருந்தால் சரி பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். அது கைவந்த பிறகு இரண்டு மெட்டுத் தூரம் இறக்கலாம்.

இதை ஆறு தந்திகளிலும் தனித்தனியே செய்ய வேண்டும். ஒரே அளவு அழுத்தினாலும் எல்லாத் தந்திகளும் ஒரே அளவு இறங்குவது இல்லை. ஒரு தந்தியில் பழகிய கை அடுத்த தந்தியில் ஏமாந்து போகும்!

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு தந்தி அறுந்தால் தராசு சாய்ந்துவிடும். சுருள் வில்லின் கை ஓங்கி, மீதி ஐந்து தந்திகளும் சுருதி தப்பிவிடும். இதற்குப் பயந்தே பலர் கம்பியைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

இவ்வளவு தொல்லைக்கும் பலன் உண்டா? உண்டு. இந்தப் பயிற்சியில் கையைவிடக் காதுதான் அதிகம் பழகுகிறது. வாசிக்கப் போகும் ஸ்வரத்தை முதலில் வாயால் பாட வேண்டும். பாட முடியாத ஸ்வரத்தைக் கம்பியில் தேடினால் கிடைக்காது. கம்பியை ஓயாமல் ஆட்டுவதும் தவறு. உப்பு அதிகமானால் குழம்பு என்ன ஆகும்?

ஜெப் பெக் 2023 ஜனவரி 10-ந் தேதி மூளைக் காய்ச்சலால் காலமானார். வயது 78. "நெசுன் டோர்மா" என்பது இத்தாலிய இசை நாடகத்தில் வரும் புகழ் பெற்ற பாட்டு. கணீரென்ற குரல் உள்ளவர்கள் பாடுவது. 2010-ம் ஆண்டு அவர் அதைக் கிதாரில் வாசித்து வெளியிட்டார். அதற்குக் கிராமி பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 66. வர்ணத்தால் மெட்டு வரைந்து தொடங்கியவர், அந்த வயதில் மெட்டு இல்லாத இடங்களிலும் ஸ்வரத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.