குடியெழுப்பலும் சட்டமும்: மலேசியாவில் வாடகை வீட்டை மீட்கும் முறை

வாடகைக்குத் தமிழில் வழங்கிய பழைய சொல் குடிக்கூலி. பேச்சு வழக்கில் அது குடக்கூலி எனத் திரிந்தது. கட்டடத்துக்கன்று, அங்கே குடியாக இருப்பதற்கே கூலி தரப்படுகிறது என்னும் பொருள் அச்சொல்லுள் அடங்கியிருப்பது நோக்கத்தக்கது. வீட்டுக்கு உரியவர் ஒருவர். அதில் குடியிருப்பவர் மற்றொருவர். முன்னவரிடம் இருப்பதை உரிமை என்றும், பின்னவரிடம் இருப்பதைச் சுவாதீனம் அல்லது அனுபோகம் என்றும் பிரித்துக் கூறும் மரபு தமிழ்ப் பத்திர வழக்கில் நெடுங்காலமாக உண்டு. இவ்வேறுபாடு மறக்கப்படும் இடத்திலேதான் வாடகைச் சிக்கல்கள் பல முற்றுகின்றன என நாம் கருதுகிறோம். மலேசியச் சட்டத்தின் துணைகொண்டு அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், கிள்ளானில் தமக்குள்ள தொடர்வீடு ஒன்றை வாடகைக்கு விட்டிருக்கிறார். குடியிருப்பவர் நான்கு மாதங்களாக வாடகை செலுத்தவில்லை. வங்கிக் கடனுக்கான தவணையோ மாதந்தோறும் ஓய்வூதியத்திலிருந்து கழிகிறது. தொலைபேசியில் அழைத்தால் பதில் இல்லை. இந்நிலையில் நண்பர்கள் கூறும் அறிவுரை ஒன்றுதான்: “உங்கள் வீடுதானே ஐயா, பூட்டை மாற்றிவிடுங்கள்.” உரிமை தம்முடையது என்பதில் ஆசிரியருக்கு ஐயமில்லை. சட்டத்திற்கும் ஐயமில்லை. ஆயினும் அந்தப் பூட்டை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை.

இதனைத் தெளிவுபடுத்துவது 1950ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவாகும். வாடகைக்கு விடப்பட்ட அசையாச் சொத்தின் வாடகைக் காலம் முடிந்த பின்னரும் குடியிருப்பவர் அங்கேயே தங்கியிருப்பாராயின், நீதிமன்ற நடவடிக்கையின் வழியன்றி வேறெவ்வகையிலும் உரியவர் அதனை மீட்கலாகாது என்பது அப்பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, வாடகை நின்றுவிட்டது, அறிவிப்பும் கொடுத்தாகிவிட்டது என்னும் நிலையிலும் இத்தடை நீடிக்கிறது. உண்மையில் அந்நிலைக்காகவே இது எழுதப்பட்டது எனலாம்.

அடுத்துள்ள 8ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. சட்ட முறைக்குப் புறம்பாக வெளியேற்றப்பட்ட ஒருவர், எதிர்த்தரப்பார் எத்தகைய உரிமையைக் காட்டினாலும், தாம் இழந்த உடைமையை வழக்கிட்டு மீட்கலாம். யார் சொந்தக்காரர் என்ற வினா அவ்வழக்கில் முதன்மை பெறுவதில்லை. இந்திய ஆய்வியல் துறையினராகிய நமக்கு இப்பிரிவு புதியதன்று. பிரித்தானிய இந்தியாவில் 1877ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இதே பெயருடைய சட்டத்தின் 9ஆம் பிரிவே இதற்கு மூலம். இந்தியாவில் அது 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவாகத் தொடர்கிறது. தோட்டத் தொழிலாளர் கப்பலேறி வந்த காலத்தில் இந்தியச் சட்ட வாசகங்களும் மலாயாவுக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் வரலாற்றை நாம் போதிய அளவு ஆராயவில்லை என்பதையும் இவண் குறிப்பிடத் தோன்றுகிறது.

மின்சாரத்தையும் நீரையும் துண்டிப்பது, கதவைக் கழற்றுவது, பொருள்களை எடுத்து வாசலில் வைப்பது ஆகியன நேர்வழியில் செய்யக்கூடாததைச் சுற்றுவழியில் செய்யும் முயற்சிகளேயாகும். ‘வாடகை தவறினால் வீட்டுக்காரர் உள்ளே நுழைந்து பூட்டலாம்’ என்று ஒப்பந்தத்தில் எழுதி வைப்போரும் உளர். அத்தகைய வரியை நம்பி நீதிமன்றத்தைத் தவிர்ப்பது ஆபத்தானது. வாடகை பெற வேண்டியவராக இருந்தவர் இழப்பீடு கொடுக்க வேண்டியவராக மாற நேரலாம்.

அவ்வாறாயின் முறையான வழி யாது? முதற்படி, வாடகை உறவைச் சரியாக முடிப்பது. ஒப்பந்தம் கூறும் கால அளவுக்கேற்ப எழுத்து வடிவில் அறிவிப்புக் கொடுத்து, அது சேர்ந்ததற்குச் சான்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்திற்கு முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். முத்திரையிடாத ஆவணத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. பலர் இதனை வழக்குத் தொடங்கும் நாளன்றுதான் அறிகின்றனர்.

அறிவிப்புக் கொடுத்த பின்னர் எழும் இடர் ஒன்று உண்டு. குடியிருப்பவர் திடீரென ஒரு மாத வாடகையைக் கணக்கில் செலுத்துகிறார். வீட்டுக்காரரும் ‘வந்தவரை ஆதாயம்’ என மகிழ்ந்து பெற்றுக்கொள்கிறார். வாடகை என்ற பெயரிலேயே அதனை ஏற்றுக்கொண்டால், முடிந்த உறவு தொடர்கிறது என்றோ புதியது தொடங்கியது என்றோ எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைக்கிறது. ஆகவே, அவ்வாறு வரும் பணம் குடியிருந்ததற்கான ஈடாகவே பெறப்படுகிறது என எழுத்தில் தெரிவிப்பது நன்று. 1956ஆம் ஆண்டின் குடிமையியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு, காலம் முடிந்தும் வெளியேறாதவரிடம் வெளியேறும் நாள்வரை இரட்டிப்பு வாடகை கோரும் விருப்பத்தை வீட்டுக்காரருக்கு அளித்துள்ளது. எடுத்துக்காட்டாக, மாத வாடகை 1,200 ரிங்கிட் எனில் 2,400 ரிங்கிட் வீதம் கோரலாம்.

அதன்பின் வழக்கு. வீட்டுக்காரர் குடியிருப்பவர் தொடர்பான வழக்குகளைத் தொகை வரம்பின்றி விசாரிக்கும் அதிகாரம் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு உண்டு. உடைமை மீட்பு, நிலுவை வாடகை, இரட்டிப்பு வாடகை மூன்றையும் ஒரே வழக்கில் கோரலாம். புறம்போக்கில் குடியேறியவர்களை அகற்றப் பயன்படும் சுருக்க நடைமுறை ஒன்று 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளில் 89ஆம் கட்டளையாக உள்ளது. வாடகைக் காலம் முடிந்தும் தங்கியிருப்பவருக்கு அது பொருந்தாதென அவ்விதியே விலக்கியுள்ளது. அழைப்பின் பேரில் உள்ளே வந்தவரை அத்துமீறி நுழைந்தவராகக் கருதலாகாது என்பதே இதன் உட்கருத்து.

தீர்ப்புக் கிடைத்த அன்றே வீடு கைக்கு வந்துவிடுவதில்லை. உடைமை ஒப்படைப்பு ஆணை தனியே பெறப்பட வேண்டும். உள்ளே உண்மையில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் நடவடிக்கையை அறிந்து, தம் பக்கத்தைக் கூற வாய்ப்புப் பெற்றனரா என்பதை நீதிமன்றம் அப்போது நோக்கும். பின்னரே பெய்லிஃப் எனப்படும் நீதிமன்ற அலுவலர் வந்து வீட்டை ஒப்படைப்பார். பூட்டு மாற்றப்படுவது அப்பொழுதுதான்.

இவ்விடத்தில் பெரிதும் குழப்பப்படும் மற்றொரு சட்டத்தைப் பற்றியும் கூற வேண்டும். 1951ஆம் ஆண்டின் வாடகைக் கைப்பற்றல் சட்டம் வீட்டை மீட்டுத் தருவதன்று. நிலுவைக்கு ஈடாகக் குடியிருப்பவரின் அசையும் பொருள்களைக் கைப்பற்றி ஏலமிடுவது. எதிர்த்தரப்புக்கு முன்னறிவிப்பின்றியே நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம் என்பதால் இது விரைவானது. ஆயினும் விண்ணப்பத்துக்கு முந்திய பன்னிரண்டு மாத நிலுவைக்கு மேல் கோர இயலாது. கைப்பற்றுவதும் வீட்டுக்காரர் அல்லர், நீதிமன்ற அலுவலரே. குடியிருப்பவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் தேவையான உடையும் படுக்கையும் இதிலிருந்து விலக்களிக்கப்பட்டுள்ளன. கடன்பட்டவரின் பாயைச் சுருட்டக்கூடாதென்ற இவ்விலக்கு நம் நெஞ்சைத் தொடுகிறது.

கைப்பற்றல் என்பது வாடகை உறவு நிலவுகிறது என்னும் அடிப்படையில் எழுவது. வெளியேற்றமோ அவ்வுறவு முடிந்தது என்னும் அடிப்படையில் எழுவது. ஒரே வேளையில் இரண்டையும் கூறி நிற்க இயலாது. எதனை முதலில் செய்வது என்பதை அறிவிப்பு அனுப்புவதற்கு முன்னரே வழக்கறிஞருடன் கலந்து முடிவு செய்தல் வேண்டும்.

இந்நடைமுறை நீண்டது என்பதை மறுப்பதற்கில்லை. வாடகையை மட்டுமே நம்பி வாழும் முதியவருக்கு ஒவ்வொரு மாதமும் இழப்பே. பூட்டை மாற்றத் தூண்டுவது பேராசையைக் காட்டிலும் இத்தாமதமே என்பது நம் கருத்து. சட்டத்தைக் குறைகூறாமல், அதன் வேகத்தைக் குறைகூறுவது பொருந்தும்.

எதிர்த்திசையில் சட்டம் மிகுதியாகச் சாய்ந்த காலமும் இருந்தது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31க்குள் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு வாடகையை வரையறுத்து, குடியெழுப்பும் காரணங்களையும் சுருக்கியது. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகையில் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்தன. வருமானமற்ற உரிமையாளர்கள் கூரையைப் பழுதுபார்க்கவும் முன்வரவில்லை. 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, இடைக்காலப் பாதுகாப்பும் 1999 இறுதியில் முடிவுற்றதும், வாடகை உயர்ந்து, பலர் அந்நகரின் நடுப்பகுதியைவிட்டுக் குடிபெயர்ந்தனர். 2008இல் உலக மரபுடைமைத் தகுதி பெற்ற அந்நகரில் கட்டடங்கள் காக்கப்பட்டன; குடிகள் குறைந்தனர். சிங்கப்பூரும் தன் வாடகைக் கட்டுப்பாட்டை 2001இல் கைவிட்டது.

நம் சமூகத்துக்கு மிக நெருங்கிய வீடு ஒன்று இப்பிரிவுகளுக்குள் எளிதில் அடங்குவதில்லை. தோட்டத்து லயத்து வீடு வாடகைக்கு விடப்பட்டதன்று; வேலையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்பதே நிருவாகத்தின் நிலைப்பாடு. 7ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவோ வாடகைக்கு விடப்பட்ட சொத்தைப் பற்றியே பேசுகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களாக மாறியபோது, மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தோர் குடிக்கூலி கொடுத்தவர் அல்லர் என்ற காரணத்தாலேயே, நேற்று வந்த வாடகைக்காரருக்கு உள்ள பாதுகாப்பையும் கோரவியலாத நிலையில் நின்றனர்.